மேற்கு யூலாந்தின் கோர்பலிகள்

1985ஆம் ஆண்டு மாசி மாதம், டென்மார்க்கின் மேற்கு யூலாந்தில் ஒரு சிறிய நகரசபை அலுவலகத்தில், யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவருக்கு ஓர் ஐரிஷ் குடும்பத்தின் பெயரை வைத்து அரசாங்கப் பதிவில் ஏற்றினேன். தெரியாமல் நடந்த பிழை என்று சொல்ல வழியில்லை. எழுத்துக்கூட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெரிய எழுத்துகளில் எழுதினேன். அதை மறைப்பதற்காக அதே ஆண்டு கார்த்திகையில் இன்னொன்று செய்தேன். அது இதைவிடக் கேவலமானது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு கடிதம். அயர்லாந்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் குடும்பப் பெயர் எங்கே தோன்றியது, எங்கெங்கே பரவியது என்று ஆராய்கிறாராம். கோர்பலி என்பது அந்தப் பெயர். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கோர்பலிகள் இருப்பதில் அவருக்கு வியப்பில்லை. கப்பல் போன இடமெல்லாம் ஐரிஷ்காரரும் போயிருக்கிறார்கள். டென்மார்க்கில், ஹேர்னிங்கிலும் ஹொல்ஸ்டெப்ரோவிலும் இத்தனை பேர் எப்படி முளைத்தார்கள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. பழைய காலத்து வைக்கிங் கொள்ளைக்காரர் தன் முன்னோரைப் பிடித்து வந்திருக்கலாம் என்று ஓர் ஊகமும் எழுதியிருந்தார். கடிதம் கைமாறிக் கைமாறி, இன்று மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் வந்தது. அவர்களில் ஒருத்தி அதை என்னிடம் கொண்டுவந்து, "ஐயா, உங்களுக்குத்தானே பழைய கதையெல்லாம் தெரியும்" என்றாள்.

தெரியும். கொள்ளைக்காரன் நான்தான்.

நான் கொழும்பில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். எழுபதுகளின் கடைசியில் கப்பலில் கணக்குப்பிள்ளையாக வந்து, டென்மார்க்கில் இறங்கி, மாலைப் பள்ளியில் டேனிஷ் படித்தேன். நம் ஆட்கள் அகதிகளாக வரத் தொடங்கியபோது இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் கையளவு பேர்தான். என்னை டொல்க் ஆக்கினார்கள். மொழிபெயர்ப்பாளனுக்கு டேனிஷ் மொழியில் அதுதான் பெயர். பயிற்சி இரண்டு நாள். அதில் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: அறைக்குள் பேசப்படுவது எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும். இருமலை மட்டும் விடலாம்.

வதிவிட அனுமதி கிடைத்தவர்கள் வியாழக்கிழமைகளில் நகரசபையின் பதிவுப் பிரிவுக்கு வருவார்கள். பிரிவின் தலைவி கிர்ஸ்டன் கோர்பலி. ஐம்பது வயது. மேசையில் எப்போதும் மூன்று பென்சில்கள், மூன்றும் ஒரே நீளம். ஒன்று தேய்ந்தால் மற்ற இரண்டையும் அதன் அளவுக்குச் சீவிவிடுவார். கோபம் வந்தால் குரல் இறங்கும். அவரிடம் ஒரே ஒரு வேதவாக்கு இருந்தது: "வெறும் கட்டம் இருக்கக் கூடாது."

படிவத்தில் எங்களை வதைத்த கட்டம் குடும்பப் பெயருக்கு உரியது. நமக்குத் தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். பிள்ளைக்கு அதுவும் மாறிவிடும். டேனிஷ்காரருக்கோ தாத்தா முதல் பேரன்வரை ஒரே பெயர். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவது என்று கிர்ஸ்டன் ஒரு வழக்கம் செய்திருந்தார். அப்படியும் தொல்லை தீரவில்லை. நம் ஆட்களிடம் "நீங்கள் ஆர்?" என்று கேட்டால் பெயருக்கு முன் ஊர் வந்துவிடும். "இணுவில்", "நாரந்தனை" என்று சொல்லிவிட்டு, எல்லாம் சொல்லியாயிற்று என்ற திருப்தியோடு இருப்பார்கள்.

கிர்ஸ்டனின் கணவர் டெஸ்மண்ட் அயர்லாந்துக்காரர். பால்பண்ணைகளுக்கு இயந்திரம் பூட்ட வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வெள்ளிக்கிழமைகளில் ஒரு பெட்டி பணியாரத்தோடு அலுவலகம் வருவார். கோர்பலி என்பது ஊர்ப் பெயர் என்பதை அவர்தான் சொன்னார். அயர்லாந்தில் அந்தப் பெயரில் பல சிற்றூர்கள் உண்டாம். துருத்திக்கொண்டு நிற்கும் மேட்டு ஊர் என்று சிலர் பொருள் சொல்வார்களாம், தனித்து நிற்கும் ஊர் என்று சிலர். முற்காலத்தில் அங்கே காணி பிடித்திருந்த யாரோ "இன்ன ஊரான்" என்று அழைக்கப்பட்டு, அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. "எந்தக் கோர்பலி எங்களுடையது என்று கேட்டால் எனக்கும் என் தம்பிக்கும் சண்டைதான் வரும்" என்பார்.

"டென்மார்க்கில் இந்தப் பெயர் மூன்றே பேருக்குத்தான்" என்று கிர்ஸ்டன் சேர்த்துக்கொள்வார். "இவர், நான், எங்கள் மகள்."

ஒரு வியாழக்கிழமை, கணவனுக்கு ஒரு பெயர், மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு வேறொன்று என்று ஒரு குடும்பம் வந்து போன பிறகு, கிர்ஸ்டன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"உங்கள் இனத்தின் வரலாறு எத்தனை வருடம் என்றீர்கள்?"

"இரண்டாயிரத்துக்கு மேல்."

"இரண்டாயிரம் வருடத்தில் ஒரு குடும்பப் பெயரை யோசிக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லையா?"

பகிடிதான். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரலாறு படித்தவன் அல்லவா, வீட்டுக்குப் போய் மூன்று நாள் பதில் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

அடுத்த கிழமை கிர்ஸ்டன் பனிப்பாளத்தில் வழுக்கி விழுந்து காலை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டார். ஐந்து மாதம் விடுப்பு. அவர் இடத்தில் பௌல் என்றொருவர் வந்து இருந்தார். ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். நான் நிரப்பிய படிவங்களில் முத்திரை குத்துவார். வாசிப்பதில்லை.

அவரிடம் வந்த முதல் ஆள் தர்மலிங்கம். முப்பது வயது, மெலிந்தவர். யாரோ கொடுத்த மேலங்கி முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மனைவி பரமேஸ்வரியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். இளையவன் எட்டு மாதமாக இருக்கும்போது புறப்பட்டு வந்தவர்.

"குடும்பப் பேர் என்ன?" என்றேன்.

"வேலுப்பிள்ளை தர்மலிங்கம்."

"வேலுப்பிள்ளை ஆர்?"

"அப்பு."

"அது அப்புவின்ர பேர். குடும்பத்துக்கு எண்டு ஒண்டு வேணுமாம்."

அவர் யோசித்தார். "ஊரில எங்கட ஆக்களைப் புளியடியார் எண்டு சொல்லுவினம். அதைப் போடலாமோ?"

"போடலாம். டேனிஷ்காரன் அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும்."

"அப்ப நீங்களே ஒண்டைப் போடுங்கோ, அண்ணை. இவங்கட வாய்க்கு லேசாய்."

வழக்கப்படி வேலுப்பிள்ளை என்று எழுதியிருக்க வேண்டும். அந்த நொடியில் கிர்ஸ்டனின் பகிடிக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூன்றே பேருக்குரிய பெயரை நாலாவதாக ஒருவருக்கு எழுதினேன். பௌல் முத்திரை குத்தினார்.

"என்ன அண்ணை போட்டனீங்கள்?"

"கோர்பலி."

"அப்பிடியெண்டால்?"

"ஊர்ப் பேர். ஆரும் கேட்டால் ஊர்ப் பேர் எண்டு சொல்லுங்கோ."

பொய் சொல்லவில்லை என்று அன்று எனக்குள் பெருமை வேறு.

கதை அங்கேயே நின்றிருந்தால் ஒரு குறும்போடு போயிருக்கும். தர்மலிங்கம் ஹேர்னிங்கில் ஒரு துணி ஆலைக்கு வேலை கேட்டு விண்ணப்பம் போட்டார். நம் ஆட்களின் நீளமான பெயர்களைக் கண்டாலே விண்ணப்பத்தை அடியில் வைத்துவிடுகிற ஒரு மேற்பார்வையாளர், த. கோர்பலி என்று மட்டும் கண்டு, ஐரிஷ்காரன் வருகிறான் என்று மறுநாளே கூப்பிட்டுவிட்டார். கதவைத் திறந்து தர்மலிங்கத்தைக் கண்டதும் அந்த மனிதருக்கு வெட்கமாகப் போயிற்று. வெட்கத்தில் வேலையைக் கொடுத்தார். வேலை கிடைத்ததால் வீடும் கிடைத்தது.

செய்தி ஒரு கிழமையில் யூலாந்து முழுவதும் போய்விட்டது. வியாழக்கிழமைகளில் ஆட்கள் படிவத்தைத் தொட முதலே கேட்டார்கள்.

"அண்ணை, தர்மலிங்கத்துக்குப் போட்ட பேர் இன்னும் கிடக்கோ?"

கிடக்கிறதாவது! முடியாது என்று சொல்ல வேண்டியவன், முதல் குறும்பு வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் எழுதிக்கொடுத்தேன். மன்னாரிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கர் மட்டும் கொஞ்சம் விசாரித்தார்.

"இது எந்தச் சுவாமியின்ர பேர்?"

"சுவாமி இல்லை. ஊர்."

"ஊரெண்டால் அங்க ஒரு கோயில் இருக்கும்தானே?"

"இருக்கும்."

"அப்ப போடுங்கோ."

நான் எழுதியது ஆறு பேருக்கு. பிறகு அவர்களுடைய தம்பிமார், மைத்துனர்மார் வேறு நகரங்களில் தாங்களாகவே அந்தப் பெயரைச் சொல்லிப் பதிந்தார்கள். கொப்பன்ஹேகன் பக்கம், அல்பர்ட்ஸ்லுண்டில்கூட ஒருவர் கிளம்பினார். ஒருவருக்கொருவர் ஒட்டு உறவில்லாதவர்கள், "அவர் எங்கட கோர்பலிப் பக்கம்" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

கோடையின் நடுவில் கிர்ஸ்டன் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். பதிவு அட்டைகள் அடுக்கிய பெட்டியைத் திறந்தவர், தன் பெயரின் பின்னால் ஆறு புது அட்டைகளைக் கண்டார். குரல் இறங்கியது.

"இது என்ன?"

"ஊர்ப் பெயர்" என்றேன். "யாழ்ப்பாணத்திலும் அப்படி ஓர் ஊர் இருக்கிறது."

அரிய குடும்பப் பெயரை உரியவரின் சம்மதம் இல்லாமல் மற்றவர் எடுக்க முடியாது என்பது டென்மார்க்கின் சட்டம். அந்தச் சட்டத்தை அவரைவிட அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. ஆனால் அவர் என்னை நம்பினார். "சொந்த ஊரின் பெயரானால் நான் மறுக்க முடியாது" என்றார்.

டெஸ்மண்ட் மறுக்காததோடு துள்ளிக் குதித்தார். இரண்டு தீவுகளில் ஒரே பெயரில் ஊர்! ஆறு கோர்பலிகளையும் ஞாயிற்றுக்கிழமை கோப்பி குடிக்க வீட்டுக்கு அழைத்தார். தன் தகப்பனின் ஊர்ப் படத்தைக் காட்டினார். ஒரு மேடு, ஒரு கல்மதில், நாலு மாடு.

"உங்கள் கோர்பலியும் மேட்டில்தான் இருக்கிறதா?" என்று தர்மலிங்கத்திடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

தர்மலிங்கம் என்னைப் பார்த்தார். "ஓம் எண்டு சொல்லுங்கோ, அண்ணை. நல்ல மனுசன்."

இப்போது இரண்டாவது குற்றம்.

தர்மலிங்கம் மனைவி பிள்ளைகளை அழைக்க விண்ணப்பித்திருந்தார். அவர்கள் ஊரைவிட்டு வந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். கலியாணப் பதிவில் கணவன் பெயர் வேலுப்பிள்ளை தர்மலிங்கம். டேனிஷ் பதிவில் தர்மலிங்கம் கோர்பலி. அது போதாதென்று, ஒரே குடும்பப் பெயரோடு வெவ்வேறு தகப்பன்மாருக்குப் பிறந்த பலர். இது ஏதோ கூட்டுக் களவு என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்தது. கார்த்திகையில் ஓர் அதிகாரி எங்கள் அலுவலகத்துக்கு விசாரிக்க வந்தார். இளம் பெண், சட்டம் படித்தவர், கெட்டவர் அல்ல. டொல்க் நான்தான்.

கேள்விகளெல்லாம் ஒழுங்காகப் போயின. கடைசியில் இலங்கை வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"கோர்பலி எங்கே இருக்கிறது? காட்டுங்கள்."

தர்மலிங்கம் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, பயமில்லாமல் சொன்னார்: "அண்ணை, இது நீங்கள் தந்த பேர்தானே. எங்க கிடக்கெண்டு நீங்களே சொல்லிவிடுங்கோவன்."

அறைக்குள் பேசப்படுவது எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும். அந்த இரண்டு வசனத்தையும் டேனிஷில் சொல்லியிருந்தால் அவருடைய சிக்கல் அன்றே தீர்ந்திருக்கும். என் வேலை போயிருக்கும். நான் சொன்னது இது: "சிறு வயதிலேயே ஊரைவிட்டு வந்துவிட்டாராம். வரைபடத்தில் காட்டத் தெரியவில்லை என்கிறார்."

அதிகாரி எழுதிக்கொண்டார். வாசலில் தர்மலிங்கம் என் கையைப் பிடித்து, "பெரிய உதவி, அண்ணை" என்றார்.

தன் சொந்த ஊரை அடையாளம் காட்ட முடியாதவர் என்று விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கடிதத்தையும் அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகும் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வியாழனும், அடுத்த வியாழன் சொல்லலாம் என்று இருந்தேன்.

பங்குனியில் தர்மலிங்கம் பரமேஸ்வரியின் கடிதத்தைக் கொண்டுவந்தார். ஏதாவது மேலிடத்துக்கு எழுத முடியுமா என்று கேட்டு வந்தவர். லொட்ஜுக்குப் பொலிஸ் வந்ததாம். இரண்டு கடதாசியில் இரண்டு பெயர், உனக்கு உண்மையாகப் புருசன் இருக்கிறானா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்களாம். மாத முடிவில் அறையை விடச் சொல்லிவிட்டான் முதலாளி.

"தர்மலிங்கம், இது என்னால வந்தது" என்றேன்.

"உங்களைச் சொல்லேல்லை, அண்ணை. போடச் சொன்னது நான்தானே."

அவர் என்னைத் திட்டியிருந்தால் இன்னும் ஒரு மாதம் ஒளித்திருப்பேன். அப்படிப்பட்டவன்தான் நான். அந்தப் பதிலுக்குப் பிறகு முடியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கிர்ஸ்டனின் அறைக்குப் போனேன். பெயரையும் சொன்னேன், வரைபடத்தையும் சொன்னேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "டெஸ்மண்ட் அவர்களுக்குத் தன் தகப்பனின் ஊரைக் காட்டினார்" என்றார். பிறகு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எழுதுங்கள். மூன்று பிரதி. ஏன் செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெறும் கட்டம் இருக்கக் கூடாது."

எழுதினேன். வாசித்துக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"இரண்டாயிரம் வருடம்... இதை நான் சொன்னேனா?"

"சொன்னீர்கள்."

"அது நகைச்சுவை."

"இதுவும் அப்படித்தான் தொடங்கியது."

பென்சில் அந்த வரிக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. அவர் அதை வெட்டவில்லை. பெயர், விண்ணப்பதாரரின் பிழையால் அல்ல, எங்கள் அலுவலகத்தின் பிழையால் பதியப்பட்டது என்று ஒரு மேற்கடிதம் தட்டச்சு செய்து, தன் கையெழுத்தோடு அன்றைய தபாலிலேயே அனுப்பினார். பிறகு டொல்க்குகளின் பட்டியலிலிருந்து என் பெயரைக் கோடிட்டு நீக்கினார். அடிமட்டம் வைத்து, நேராக.

நாலு வருடம் ஹேர்னிங்கில் துணி ஆலையில் திரைச்சீலைகளுக்கு இஸ்திரி போட்டேன். மேற்பார்வையாளராக எனக்கு வாய்த்தவர், நான் பெயர் வைத்த மன்னார்க்காரர். பெயரோடு சேர்த்து அதிகாரமும் நான்தான் கொடுத்தேன் போல, நன்றாகவே வேலை வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில், பெயர் மாற்றும் படிவங்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஒவ்வொரு கோர்பலி வீடாகப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இலவசமாக எழுதித் தருகிறேன் என்றேன்.

"அண்ணை, இந்தப் பேரில கார் எடுத்திட்டன்" என்றார் ஒருவர்.

"பெட்டைக்குப் பள்ளிக்கூடத்தில எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுகினம். மாத்தினால் அழுவாள்" என்றார் இன்னொருவர்.

ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு வயதான மனுசி படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உமக்கு வேற வேலை இல்லையோ? நேற்று ஒரு பேரைத் தந்தீர், இண்டைக்கு அதைத் திருப்பித் தா எண்டுறீர்" என்று தேத்தண்ணி தந்து அனுப்பினார்.

கேட்டவர்களில் பெயரை மாற்றியவர் ஒருவர் மட்டும். தர்மலிங்கம். கலியாணப் பதிவோடு பொருந்த அவருக்கு மாற்றியே ஆக வேண்டும். வேலுப்பிள்ளை ஆனார். முதல் கோர்பலி, கோர்பலி இல்லாமல் போனார்.

அந்த ஐப்பசியில் பரமேஸ்வரியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் இளையவன் தகப்பனைப் பார்த்து "மாமா" என்றானாம். இதைத் தர்மலிங்கம் எனக்குச் சொல்லவில்லை. வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும்.

சில நாளில் ஆலைக்குத் தொலைபேசி வந்தது. கிர்ஸ்டன்.

"அந்தப் பெண் பதிய வருகிறார். பெயர் வைத்தவர்தான் டொல்க்காக வரவேண்டும் என்கிறார். விதிப்படி நான் உங்களை அழைக்க முடியாது. ஆகவே அழைக்கவில்லை. நாளை பத்து மணிக்கு வாருங்கள்."

பரமேஸ்வரி குள்ளமான, நிமிர்ந்த பெண். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. "இவரோ?" என்று புருசனிடம் கேட்டார். தர்மலிங்கம் நிலத்தைப் பார்த்தார்.

"படிச்ச மனுசன் எண்டு சொன்னாங்கள்" என்று தொடங்கினார் பரமேஸ்வரி. "படிச்சது இதுக்கோ? உமக்கும் இந்த மனுசிக்கும் பகிடி எண்டால் நீங்கள் ரெண்டு பேரும் உங்களுக்குள்ள விட்டிருக்கலாம். என்ர பிள்ளைக்குத் தேப்பனைத் தெரியாது. பொலிஸ்காரன் என்னை என்ன பேர் சொல்லிக் கேட்டவன் எண்டு தெரியுமோ உமக்கு?"

நான் ஒவ்வொரு வசனமாக டேனிஷில் சொன்னேன். "படித்தவர் என்று சொன்னார்கள், படித்தது இதற்கா என்று என்னைக் கேட்கிறார்..." அடுத்து அவர் சொன்ன சில சொற்களுக்கு டேனிஷில் சரியான சொல் தேட வேண்டியிருந்தது. தேடிச் சொன்னேன். பொலிஸ்காரன் சொன்ன சொல்லையும் சொன்னேன்.

கிர்ஸ்டன் என்னைக் கூர்ந்து பார்த்தார். "எதையாவது விட்டீர்களா?"

"இல்லை."

அவர் படிவத்தை எடுத்தார். "குடும்பப் பெயர்?"

"வேலுப்பிள்ளை எண்டு சொல்லு" என்றார் தர்மலிங்கம்.

"அது மாமாவின்ர பேர்" என்றார் பரமேஸ்வரி. "மற்றதைப் போடச் சொல்லுங்கோ. கோர்பலி."

"விசரே உனக்கு?"

"நீங்கள் அதைப் போட்டு வேலை எடுத்தீங்கள், வீடு எடுத்தீங்கள். பிறகு மாத்திப்போட்டீங்கள். நான் அந்தப் பேரால பதினாலு மாதம் லொட்ஜ் லொட்ஜாய்க் கிடந்தனான். ஆருக்கு அது சொந்தம்?"

இதையும் சொன்னேன். கிர்ஸ்டன் எழும்பி, அலுமாரியிலிருந்து இன்னொரு படிவத்தைக் கொண்டுவந்தார். அரிய பெயரை உடையவர் மற்றவருக்குச் சம்மதம் கொடுக்கும் படிவம். எங்கள் முன்னாலேயே நிரப்பிக் கையெழுத்திட்டார். "மற்றவர்கள் கேட்காமல் எடுத்தார்கள். இவர் கேட்டு எடுக்கிறார் என்று சொல்லுங்கள்."

சொன்னேன். பரமேஸ்வரி தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

என் வேலை முடிந்துவிட்டது. டொல்க் தன் சொந்தக் கதையை அறைக்குள் பேசக் கூடாது. இருந்தும் பேசினேன். "தங்கச்சி, நான் உங்களுக்குச் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பரமேஸ்வரி பக்கத்தில் நின்ற இளையவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கிர்ஸ்டனின் பக்கம் தாடையால் காட்டினார்.

"அதையும் அந்த மனுசிக்குச் சொல்லும்."

டேனிஷில் சொன்னேன்.